ஆகஸ்டு முதல் நாள் கணக்கு

பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால், "ஆசிரியர் பற்றாக்குறை" என்னும் சொற்றொடர் நாளிதழ்களில் ஒருமுறையேனும் தலைகாட்டாமற் போவதில்லை. இத்தனை ஆயிரம் இடங்கள் காலி என்று சங்கத்தார் கூறுவர். அத்தனை இல்லை என்று அரசுத் தரப்பார் கூறுவர். நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் இந்த எண் எங்ஙனம் பிறக்கிறது, எங்ஙனம் பெருகுகிறது, எங்ஙனம் ஓசைப்படாமல் குறைந்துபோகிறது என்பதை நம் குடும்பத்தார் அறிந்து வைத்திருப்பது நலம். குறைவது நல்லதுதானே, பற்றாக்குறை தீர்ந்தது என்றுதானே பொருள் என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். எப்போதும் அப்படியன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் அரபு மத்ரஸாவில் ஓதி, பின்னர் தமிழ் கற்று, பகலில் பள்ளியில் தமிழாசிரியப் பணியும் மாலையில் மக்தபில் ஓதிக் கொடுக்கும் பணியுமாகக் காலம் கழித்து வருகிறோம். நமது ஊர் நத்தம். சிறுமலையையும் கரந்தமலையையும் கண்ணெதிரே கொண்ட ஊர். 1985ஆம் ஆண்டு திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாம்பழமும் புளியும் இதன் பழைய வணிகம். ஆயத்தச் சட்டை தைப்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த தொழில். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் பேருந்தில் ஏறக்குறைய ஒரே அளவு நேரப் பயணம். இவ்விரு நகரங்களுக்கும் நடுவே இருப்பது வணிகத்துக்கு வாய்ப்பு, பள்ளிக்கூடத்துக்கோ சோதனை. ஆசிரியர் பலர் இவ்விரு நகரங்களிலிருந்துதான் வந்து போகின்றனர். நகரில் வீடும், நகரப் பள்ளியில் படிக்கும் தம் பிள்ளைகளும், முதிய பெற்றோரும் உள்ளவர்கள். மாறுதல் கலந்தாய்வு வரும்போது வீட்டுக்கு அருகிலுள்ள இடத்தை அவர்கள் நாடுவதைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை. செந்துறைக்கும் மலையடிவாரச் சிற்றூர்களுக்கும் பணிக்கு வருகிறவரில் பலருக்கு அது பணியின் முதற்படி. அதில் ஏறி நின்று, அடுத்த படிக்குப் போய்விடுகின்றனர். படி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

பற்றாக்குறையைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துரைப்பது விகிதம். நாற்பது மாணாக்கருக்கு ஓர் ஆசிரியர் என்பது 1997 டிசம்பர் 29ஆம் நாளிட்ட 525ஆம் அரசாணையின் அளவு. 2009இல் நடுவணரசு இயற்றிய கட்டாயக் கல்விச் சட்டம், தொடக்க வகுப்புகளுக்கு முப்பதுக்கு ஒருவர், ஆறு முதல் எட்டுவரை முப்பத்தைந்துக்கு ஒருவர் என்று வகுத்தது. இங்கே அன்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதிலும் பத்திலும் கால்வைக்கும் பிள்ளைக்கு அச்சட்டத்தின் குடை இல்லை. வாழ்வின் திசையையே முடிவு செய்கின்ற இரண்டு ஆண்டுகள் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

இனி விகிதத்துக்கு வருவோம். 150 பிள்ளைகள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள்: தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், கணிதம், அறிவியல், சமூக அறிவியலுக்கு ஒவ்வொருவர். முப்பதுக்கு ஒருவர் என்று ஏட்டில் எழுதினால் பார்ப்போர் மகிழ்வர். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஐந்து வகுப்புகள். வகுப்புக்கு வாரம் ஏழு கணிதப் பாடவேளை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே கணித ஆசிரியர் வாரத்தின் நாற்பது பாடவேளைகளில் முப்பத்தைந்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தாலும், பயிற்சிக்கு அழைக்கப்பட்டாலும், மகப்பேறு விடுப்பில் சென்றாலும், வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பப்பட்டாலும், பள்ளியில் கணிதம் என்ற பாடமே இல்லாமற் போகிறது. தமிழாசிரியராகிய நாம் அவ்வகுப்பில் போய் அமர்ந்து பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளலாமே ஒழிய, முக்கோணவியலைக் கற்பிக்க இயலுமா? அறிவியலின் நிலை இன்னும் விந்தை. தாவரவியல் பட்டம் பெற்ற ஒருவர் இயற்பியலையும் வேதியியலையும் விலங்கியலையும் சேர்த்தே பத்தாம் வகுப்புக்குக் கற்பிக்கிறார். பலர் அரும்பாடு பட்டுத் தாமே படித்துக் கற்பிக்கின்றனர் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாம். ஆயினும் விகிதத்துக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. அது தலைகளை எண்ணும், பாடங்களை எண்ணாது.

எண்ணுகிற நாள் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று பள்ளியில் பதிவிலுள்ள மாணாக்கரின் எண்ணிக்கையே பணியாளர் நிர்ணயத்துக்கு அடிப்படை. அந்த எண்ணுக்கு இத்தனை ஆசிரியர் போதும் என்று கணக்கிடுவர். போதும் என்ற அளவுக்கு மேற்பட்டவர் "உபரி" ஆவார். அவரைத் தேவையுள்ள வேறு பள்ளிக்கு மாற்றுவர். இதற்குப் "பணி நிரவல்" என்று பெயர். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி வயலைச் சமன் செய்வது போன்ற சொல். தேவையற்ற இடத்தில் இருவர் இருப்பதும், தேவையான இடத்தில் ஒருவரும் இல்லாதிருப்பதும் அநீதி என்பதால் நிரவல் வேண்டியதே. நமது பேச்சு அதைப் பற்றியதன்று.

ஆளில்லாத பணியிடத்தைப் பற்றியது. ஒருவர் ஓய்வு பெற்றோ மாறுதலிலோ சென்று, அவ்விடம் ஓராண்டு நிரப்பப்படாமல் கிடக்கிறது. கணித ஆசிரியர் இல்லாத பள்ளி என்று ஊரில் பேச்சு எழுகிறது. இயன்ற பெற்றோர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்றனர். அடுத்த ஆகஸ்டு முதல் நாளில் எண்ணிக்கை குறைகிறது. இத்தனை பேருக்கு அந்தப் பணியிடம் மிகை என்று ஏடு சொல்கிறது. உடனே அது "ஆசிரியரின்றி உபரி" என்று குறிக்கப்பட்டு, இயக்குநரின் பொதுத் தொகுப்புக்கு ஒப்படைக்கப்படுகிறது. அதன் பிறகு அந்தப் பள்ளியில் காலியிடம் இல்லை! பற்றாக்குறைப் பட்டியலில் அப்பள்ளியின் பெயரும் இராது. ஆசிரியர் வந்து குறை தீரவில்லை. ஆசிரியருக்குரிய இடமே போனதால் குறை "தீர்ந்தது".

இது நாம் கற்பனை செய்து கூறுவதன்று. நமது வட்டாரத்துப் பள்ளியொன்றில், பெயர் எதற்கு, கணிதத்துக்கு இரண்டு பணியிடங்கள் இருந்தன. ஒருவர் ஓய்வு பெற்றார். மற்றவர் மாறுதல் பெற்று மதுரைப் பக்கம் சென்றார். அறிவியல் ஆசிரியை ஒருவர் பத்தாம் வகுப்புக் கணிதத்தையும் தம் தலையில் சுமந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு அதுவும் இல்லை. அவ்வகுப்பில் படித்த பெண்பிள்ளை ஒருத்தி நம் மக்தபில் ஓதியவள். சட்டை தைக்கும் கூடத்தில் வேலை செய்யும் அவளுடைய அத்தா ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார்.

"அஜரத்து, கணக்கு வாத்தியார் போயி ஆறு மாசமாச்சு. புள்ள சும்மா போயிட்டுச் சும்மா வருது. பஸ்ஸுக்குக் காத்து நின்னு இருட்டுனப்புறம் வருது. எதுக்கு இந்த அலைச்சல்? வீட்டோட இருந்தா காஜா எடுக்கவாச்சும் கத்துக்கும்."

"பத்தாவது முடிக்கட்டும் தம்பி. ஒரு வருஷம் பொறுங்க" என்றோம்.

"பொறுக்கலாம். ஆனா யாரு சொல்லிக்கொடுப்பா?"

இந்தக் கடைசி வினாவுக்கு நம்மிடம் விடை இல்லை. பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தக் காரணம் தேடுகிறவர்களுக்குப் பள்ளியே காரணம் ஒன்றை எடுத்துக் கொடுத்தால், மிம்பரில் நின்று கல்வியின் சிறப்பை எவ்வளவுதான் எடுத்துரைத்தாலும் என்ன பயன்? அந்த அத்தா படிப்பின் பகைவர் அல்லர். கூலியையும் பேருந்து நேரத்தையும் மகளின் பாதுகாப்பையும் ஒருபுறம் வைத்து, மறுபுறம் ஆளில்லாத வகுப்பறையை வைத்து நிறுத்துப் பார்த்தார். அவ்வளவே.

ஜமாஅத்தாரிடம் பேசினோம். முத்தவல்லி மறுக்கவில்லை. மக்தபின் கூடத்தை மாலையில் ஒன்றரை மணி நேரம் விட்டுக்கொடுத்தனர். மூன்று கடைக்காரர்கள் மாதம் ஒரு தொகை தந்தனர். கணிதத்தில் முதுகலையும் கல்வியியலும் படித்த இந்துச் சகோதரி ஒருவர் வாரம் மூன்று நாள் வந்தார். 2013இல் தகுதித் தேர்வில் தேறியும் பணி கிடைக்காமல் காத்திருந்தவர். முதல் நாள் எட்டுப் பிள்ளைகள். ஒரு மாதத்தில் இருபத்திரண்டு பேர், அவர்களில் பாதிக்கு மேல் பிற சமயத்தார் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிவாசல் வளாகத்தில் இது தகுமா என்று பெரியவர் ஒருவர் ஐயம் எழுப்பினார். பத்ரை நினைவூட்டினோம், அவரும் சிரித்து ஒப்புக்கொண்டார்.

பத்ரில் நிகழ்ந்ததை ஸீரா நூல்கள் வாயிலாக நம் இல்லத்தார் அனைவரும் அறிவர். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் சிறைப்பட்ட மக்காவாசிகளில் மீட்புப் பணம் கொடுக்க வகையற்றவர்கள், எழுத்தறிவு உடையவராயின், மதீனத்துச் சிறார் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று அண்ணலார் (ஸல்) ஏற்பாடு செய்தார்கள். இதனை மன்னிப்பின் மாண்புக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். ஓர் ஆசிரியனின் கண்கொண்டு பார்த்தால், மதீனாவில் அன்று ஆசிரியர் பற்றாக்குறை இருந்திருக்கிறது என்பதும், அதனை நிறைக்க, தம்மை எதிர்த்துப் போரிட்டவர்களிடமிருந்துகூட ஆசிரியரைப் பெறத் தயங்கவில்லை என்பதும் புலனாகும். ஒருவருக்குப் பத்துப் பேர் என்ற அந்த விகிதத்தை இன்றுள்ள எந்த அரசாணையும் எட்டவில்லை!

பற்றாக்குறைக்கு நம் தமிழ் மண் உலகுக்குக் கொடுத்த மருந்து ஒன்றும் உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியை 1789 முதல் ஆண்டிரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் கண்காணித்து வந்தார். தகுந்த ஆசிரியர் கிடைக்கவில்லை. இந்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டவர், மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வகுத்துக்கொண்டார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்ததும், மக்தபில் பெரிய பிள்ளை சிறிய பிள்ளையின் ஸபக்கைக் கேட்பதும் அதுவே அன்றோ? 1797இல் இலண்டனில் அவர் இதனை நூலாக வெளியிட, "மதராஸ் முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் முறையாயிற்றே, பரவாமல் இருக்குமா? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்டிரூஸ் நகரில் 1833இல் எழுந்த பள்ளி இன்றளவும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. ஆனால் அலிஃப் பே சொல்லிக்கொடுக்கவும் வாய்ப்பாடு ஒப்புவிக்கவும் சட்டாம்பிள்ளை போதும். பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாட்டுக்குப் போதாது. தொடக்கப் பள்ளியின் குறையை எப்படியாவது இட்டு நிரப்பலாம். உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பாடம் படித்தவரே வந்தாக வேண்டும்.

மத்ரஸா வரலாற்றில் நாம் இன்னொன்றையும் காண்கிறோம். 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யாவைப் போன்ற கலாசாலைகளில் ஆசிரியரின் ஊதியம் வக்ஃபின் வருவாயோடு பிணைக்கப்பட்டிருந்தது. மாணவர் இவ்வாண்டு குறைந்தனர் என்பதற்காக ஃபிக்ஹு ஆசிரியரின் இடம் மறைந்துபோகவில்லை. 1091இல் அங்கே அமர்ந்த இமாம் கஸ்ஸாலி 1095இல் எல்லாவற்றையும் துறந்து வெளியேறியபோது, அவருடைய இளவல் அஹ்மத் அவ்விடத்தில் நின்று பாடம் நடத்தினார். கஸ்ஸாலிக்கு நிகரானவர் எவர் என்ற கேள்வி வேறு. இடம் வெறுமையாகவில்லை, மறையவுமில்லை. பணியிடம் பாடத்துக்கு உரியதாக இருந்தது.

நம் நாட்டிலும் அந்த எண்ணம் அறவே இல்லாமல் இல்லை. 2009இல் தொடங்கிய இடைநிலைக் கல்வித் திட்டத்தின்படி தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகளுக்குத் தலைமையாசிரியர் ஒருவரும் பாட ஆசிரியர் ஐவரும் என்று வகுக்கப்பட்டது. நடுநிலைப் பள்ளிகள் பல உயர்நிலையாயின. மலையடிவாரத்துப் பெண்பிள்ளை எட்டாம் வகுப்போடு நிற்காமல் பத்துவரை படிக்க வழி பிறந்தது. கட்டடமும் பெயர்ப்பலகையும் நிலைத்துவிட்டன. ஐவரையும் நிலைக்கச் செய்வதில்தான் இடர்ப்பாடு.

ஏன் நிரப்பவில்லை? படித்தவர் இல்லையா? அதுதான் இல்லை. கல்வியியல் பட்டம் பெற்றுக் காத்திருப்போர் தமிழகத்தில் இலட்சக்கணக்கினர். 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, 2,448 பேரே தேறினர். நாடே வியந்தது. மறுதேர்வு வைத்தபின்தான் ஆள் கிடைத்தனர். 2018 ஜூலை 20ஆம் நாளிட்ட 149ஆம் அரசாணை, தகுதித் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, தனியே போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. பட்டதாரி ஆசிரியருக்கான அத்தேர்வின் அறிவிப்பு 2023இல்தான் வெளிவந்தது. 2,222 இடங்கள் என்று தொடங்கிப் பின்னர் 3,192 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் காத்திருந்தோர் நாற்பதை நெருங்கினர். இங்கே வகுப்புகள் ஆசிரியரின்றிக் கிடந்தன.

ஓய்வு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மே மாதம் 58 என்பது 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. ஏறத்தாழ ஈராண்டு வயது மூப்பால் எவரும் ஓய்வு பெறவில்லை. பற்றாக்குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. 2022இல் ஓய்வுகள் மீண்டும் தொடங்கின. அவ்வாண்டே 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ள அரசு ஆணையிட்டது. அவற்றில் 5,154 பட்டதாரி ஆசிரியர் இடங்கள், 3,188 முதுகலை ஆசிரியர் இடங்கள். மாதத் தொகுப்பூதியம் பட்டதாரிக்கு 10,000 ரூபாய், முதுகலைக்கு 12,000 ரூபாய். பிறகு 15,000, 18,000 என்று உயர்த்தப்பட்டது. 2012இல் ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்காக 5,000 ரூபாயில் அமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியரின் கதை நமக்கு முன்பே தெரியும். நிரந்தரம் வேண்டி அவர்கள் நடத்திய போராட்டங்களுக்குக் கணக்கில்லை. தற்காலிக ஆசிரியர் வகுப்பில் நிற்கும்போதும் அவருடைய மனம் அடுத்த தேர்வின் அறிவிப்பில்தான் இருக்கும். அவரைக் குறை கூறுவது எங்ஙனம்? நம் மக்தபுக்கு வந்த சகோதரியும் தேர்வெழுதி, இடம் கிடைத்து, தொலைவிலுள்ள மாவட்டத்துக்குப் போய்விட்டார். அன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொடுத்தார். அவருக்காக நெஞ்சார மகிழ்ந்தோம். மாலை வகுப்புக்கு வேறு ஆளைத் தேடத் தொடங்கினோம்.

இது நத்தத்தின் துயரம் மட்டுமன்று. 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடியே 40 இலட்சம் ஆசிரியர் வேண்டும் என்று யுனெஸ்கோ 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இடைநிலை வகுப்புகளுக்கே தேவைப்படுகின்றனர். அதே நிறுவனம் 2021இல் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, நாட்டில் 11 இலட்சத்து 16 ஆயிரம் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் உள்ளன என்றும், ஓராசிரியர் பள்ளிகள் ஓர் இலட்சத்துக்கு மேல் என்றும் காட்டிற்று. எங்கும் உள்ளது என்பதால் நமக்கு ஆறுதல் ஏற்பட வேண்டியதில்லை.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளின் நிலை என்ன? 1991-92ஆம் கல்வியாண்டிலும் அதற்குப் பின்னும் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கும் புதிய வகுப்புகளுக்கும் அரசு மானியம் இல்லை என்று சட்டம் திருத்தப்பட்டது. எனவே பழைய பள்ளிகளில் ஒரே கூரையின்கீழ் அரசு ஊதியம் பெறும் ஆசிரியரும், நிர்வாகம் தரும் சிறு ஊதியத்தில் உழலும் ஆசிரியரும் அடுத்தடுத்த வகுப்பில் நிற்கின்றனர். அரபு முன்ஷி என்றொரு பணியிடம் பல பள்ளிகளில் இருந்தது. அஃப்ஸலுல் உலமா பட்டம் பெற்றவர்கள் அதில் அமர்ந்தனர். நாம் அறிந்த பள்ளிகளில் அவர் ஓய்வு பெற்ற நாளோடு அவ்விடமும் ஓய்வு பெற்றுவிட்டது. ஊரில் எவரும் கேட்கவில்லை.

தகுதித் தேர்வைப் பற்றிய வழக்கும் உள்ளது. கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருந்தது. 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தீர்ப்போ, பணியில் இருப்போரும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பின், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய வினாவைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. தகுதி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. தகுதியற்றவரை நம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்குவது சிறுபான்மை உரிமையாகாது. ஆனால் இருபது ஆண்டு கற்பித்தவர் வகுப்புக்கு நடுவே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கையில், அவரது பாடவேளைக்கு யார் பொறுப்பு என்பதையும் யாரேனும் எண்ணியாக வேண்டும்.

தமிழகத்தில் பிறப்பே குறைந்து வருகிறது. பெண் ஒருவருக்கு 1.4 பிள்ளை என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு காட்டியது. எனவே ஆகஸ்டுக் கணக்கு இனி ஆண்டுதோறும் குறையவே செய்யும். நாற்பதுக்கு ஒருவர் என்ற கோலைக் கொண்டே அளந்தால், நத்தத்தைப் போன்ற ஊர்களின் சிறிய பள்ளிகள் ஒவ்வொரு பாடமாக இழந்துகொண்டே போகும். பிள்ளைகள் எத்தனை பேராயினும் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு இந்தப் பாடங்களுக்கு இத்தனை ஆசிரியர் என்பது குறையாத அளவாக நிற்க வேண்டும். காலியாகக் கிடந்த ஆண்டின் எண்ணிக்கையைக் காட்டி அந்தப் பணியிடத்தை எடுத்துவிடக் கூடாது. இது செலவு மிக்கது என்பர். ஆம், செலவுதான்.

நம் குடும்பத்தார் தம் பங்கையும் எண்ணிப் பார்க்கட்டும். வசதி வந்தவுடன் பிள்ளையைத் தனியார் பள்ளியின் வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அது அவரவர் உரிமை. அப்படி ஏறுகிற பத்துப் பிள்ளைகள், ஏற இயலாத இருபது பிள்ளைகளின் ஆசிரியரையும் தம்மோடு கொண்டு போய்விடுகின்றனர். அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020 முதல் உள்ளது; அங்கே ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்த பெண்பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022 முதல் உள்ளது. அவற்றைப் பெற வேண்டுமானால் அப்பள்ளியில் இயற்பியலும் கணிதமும் கற்பிக்க ஆள் இருக்க வேண்டும்.

சட்டை தைப்பவரின் மகள் பத்தாம் வகுப்பில் தேறினாள். கணிதத்தில் தேறுவதற்குப் போதுமான மதிப்பெண், அதற்குமேல் அதிகமில்லை. மேல்நிலையில் கணிதம் உள்ள பிரிவை எடுக்க அவள் துணியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் விட்டுப்போனது அவளுக்குக் கடைசிவரை கைகூடவில்லை. வரலாறு உள்ள பிரிவில் சேர்ந்தாள். அந்தப் பள்ளியிலோ அவ்வாண்டு ஆகஸ்டில் எண்ணிக்கை குறைந்திருந்தது. இரண்டு கணிதப் பணியிடங்களில் ஒன்று உபரி என்று ஒப்படைக்கப்பட்டது. முன்பு இரண்டு காலி. இப்போது ஒன்றுதான் காலி.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் மஹல்லாத் தாய்மார் மூவர் அந்தப் பள்ளியின் குழுவில் உள்ளனர். கையெழுத்திட மட்டும் அழைக்கப்பட்டு வந்தவர்கள். ஜூலை மாதக் கூட்டத்துக்கு முன்பு அவர்களோடு அமர்ந்து, ஆகஸ்டு முதல் நாள் என்ன நடக்கும், உபரி என்றால் என்ன, ஒப்படைப்பு என்றால் என்ன என்று விளக்கினோம். அவர்களில் ஒருவர், "அப்போ எடுத்துட்டுப் போன இடத்தத் திருப்பிக் கேக்கலாமா அஜரத்து?" என்றார். கேட்கலாம் என்றோம். மூவரும் சேர்ந்து மனு எழுதினர்; தமிழில் பிழை திருத்திக் கொடுத்தது மட்டுமே நமது வேலை. எட்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளிலிருந்து அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை பேர் வருவர் என்பதை வீடு வீடாகக் கேட்டுப் பட்டியலாக இணைத்திருந்தனர். தீர்மான ஏட்டில் அதைப் பதியச் செய்து, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினர். அஞ்சல் ரசீதை முத்தவல்லி மக்தபின் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறார்.